மதமும் அறிவியலும் அன்று மோதிக்கொண்டனவா? கலிலியோ காலத்தைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று சொன்னதற்காகக் கத்தோலிக்கத் திருச்சபை தண்டித்த கலிலியோவைப் பற்றிப் பேச்செடுத்தாலே இரண்டு கூட்டம் வந்துவிடுகிறது. ஒரு கூட்டத்துக்கு அவர் மூடநம்பிக்கையை எதிர்த்து நின்ற மாவீரர். இன்னொரு கூட்டத்துக்கு வாய்த்துடுக்கால் வம்பை விலைக்கு வாங்கியவர். திருச்சபை மேல் தப்பே இல்லை என்பார்கள் அவர்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் வரும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேதத்துக்கு விளக்கம் சொல்ல யாருக்கு உரிமை, எதை நிரூபணம் என்று ஒப்புக்கொள்வது, இந்த இரண்டுக்காகத்தான் அந்தச் சண்டை நடந்தது என்பது என் எண்ணம். அப்படிச் சொல்வதால் தண்டித்தவர்களின் தப்பு ஒரு குன்றிமணி அளவும் குறைந்துவிடாது.

எந்தக் காலத்தைப் பற்றிப் பேசுகிறோம்?

தோராயமாக 1543 முதல் 1727 வரை. பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று சொன்ன கோப்பர்நிக்கஸின் புத்தகம் அச்சேறியதில் தொடங்கி நியூட்டன் இறந்தது வரை. அந்தக் காலத்தில் விஞ்ஞானி என்ற தொழில்காரரே கிடையாது. ஆங்கிலத்தில் அதற்கான சொல்லையே 1830களில்தான் வில்லியம் ஹியூவெல் உருவாக்கினார். அப்போது இருந்தவர்கள் கணிதர்கள், மருத்துவர்கள், சோதிடம் கணித்தவர்கள், இயற்கைத் தத்துவம் படித்தவர்கள். அவர்களில் நிறையப் பேர் துறவிகள், குருமார்கள், அல்லது அதற்காகப் படித்துவிட்டு வழி மாறியவர்கள். 'இந்தப் பக்கம் விஞ்ஞானிகள், அந்தப் பக்கம் சாமியார்கள்' என்று கோடு போட்டால், பாதிப் பேரை எந்தப் பக்கம் நிறுத்துவது என்று தெரியாமல் முழிப்போம்.

அப்படியென்றால் 'அறிவியலுக்கும் மதத்துக்கும் போர்' என்ற கதை எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவிலிருந்து, 19ஆம் நூற்றாண்டில். ஜான் வில்லியம் டிரேப்பர் 1874இலும் ஆண்ட்ரூ டிக்சன் வைட் 1896இலும் எழுதிய இரண்டு புத்தகங்கள் அந்தக் கதையை உலகம் முழுக்கக் கொண்டுபோயின. இருவருக்கும் உள்ளூர்க் காரணங்கள் இருந்தன. போப் சொல்வதில் பிழை நேராது என்று 1870இல் வத்திக்கான் அறிவித்த கோபம் டிரேப்பருக்கு. எந்தச் சபையின் பிடியிலும் இல்லாத ஒரு பல்கலைக்கழகமாகக் கார்னெலைத் தொடங்கியதற்காகச் சபைக்காரர்களிடம் வாங்கிய வசவு வைட்டுக்கு. தங்கள் சண்டைக்கு முன்னோர்களைத் தேடினார்கள், கலிலியோ கிடைத்தார். இன்று அறிவியல் வரலாறு படிப்பவர்கள் அந்த இரண்டு புத்தகங்களையும் அந்தக் காலத்து மனநிலைக்குச் சான்றாகத்தான் பார்க்கிறார்கள்.

கோப்பர்நிக்கசுக்கு முன் எல்லாரும் பூமி தட்டை என்றுதானே நம்பினார்கள்?

இல்லை. படித்தவர்கள் யாரும் அப்படி நம்பவில்லை. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் 13ஆம் நூற்றாண்டிலிருந்து பாடமாக இருந்த சாக்ரோபாஸ்கோவின் வானியல் நூலின் பெயரே 'கோளம்'. தாமஸ் அக்வினாஸ் தன் பெரிய இறையியல் நூலின் முதல் பக்கங்களிலேயே, பூமி உருண்டை என்பதை வானியலாளர் ஒரு வழியிலும் இயற்பியலாளர் வேறு வழியிலும் நிறுவுகிறார் என்பதை உதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார். யாராவது மறுப்பார்கள் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. கொலம்பஸ் தட்டைப் பூமிக்காரர்களோடு மல்லுக்கட்டினார் என்ற கதை, 1828இல் வாஷிங்டன் இர்விங் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் உபயத்தில் பரவியது. உண்மையில் சண்டை பூமியின் அளவைப் பற்றி. அதில் கொலம்பஸ் சொன்னதுதான் தப்பு.

கோப்பர்நிக்கஸ் திருச்சபைக்குப் பயந்து புத்தகத்தைச் சாகும்வரை மறைத்து வைத்தாரா?

தள்ளிப்போட்டது உண்மை. ஆனால் அவரே திருச்சபை ஆள். இன்றைய போலந்தில் உள்ள ஃப்ரொம்போர்க் பேராலயத்தின் நிர்வாகக் குழுவில் இருந்தார். 'வெளியிடு, வெளியிடு' என்று நச்சரித்தவர்களில் ஒருவர் கர்தினால் (ஷோன்பெர்க், 1536இல் கடிதமே எழுதினார்), இன்னொருவர் ஆயர் (டீடமான் கீசே). புத்தகத்தைப் போப் மூன்றாம் பவுலுக்கே காணிக்கையாக்கினார் கோப்பர்நிக்கஸ். அந்தக் காணிக்கை உரையில் அவர் சொல்லும் பயம் வேறு: மற்ற அறிஞர்கள் கைகொட்டிச் சிரிப்பார்களே என்ற பயம். நம்மில் பலருக்கும் பழக்கமான பயம்தான்.

கடைசியில் அவரைச் சம்மதிக்க வைத்தது ரெட்டிகஸ் என்ற 25 வயது லூத்தரன் (புராட்டஸ்டன்ட்) இளைஞர். கத்தோலிக்கரும் லூத்தரன்களும் ஜென்மப் பகையாய் இருந்த நேரத்தில், லூத்தரின் விட்டன்பெர்க்கிலிருந்து 1539இல் கிளம்பி ஒரு கத்தோலிக்கப் பேராலயத்துக்கு வந்து, இரண்டு வருஷத்துக்கு மேல் அங்கே கிடந்து படித்தார்.

நூரம்பெர்க்கில் 1543இல் புத்தகம் அச்சானபோதுதான் ஒரு வேலை நடந்தது. அச்சு வேலையை மேற்பார்த்த ஒசியாண்டர் என்ற லூத்தரன் போதகர், பெயர் போடாமல் ஒரு முன்னுரையைச் செருகிவிட்டார். 'இதெல்லாம் கணக்குப் போட வசதியான கற்பனை, உண்மையாக இருக்க வேண்டிய அவசியமில்லை' என்பது அதன் சாரம். நல்லெண்ணத்தில்தான் செய்தார், புத்தகத்துக்கு அடி விழக்கூடாதே என்று. ஆனால் படித்தவர்களில் பலர் அதைக் கோப்பர்நிக்கஸே எழுதியதாக நினைத்துக்கொண்டார்கள். 1609இல் வானியலாளர் கெப்ளர்தான் தன் புத்தகத்தில் ஒசியாண்டரின் பெயரைப் போட்டு உடைத்தார்.

பூமி சுற்றவில்லை என்று பைபிளில் எங்கே இருக்கிறது?

நேராக எங்கும் இல்லை. எல்லாரும் சுட்டிக்காட்டிய இடம் யோசுவா நூலின் 10ஆம் அதிகாரம். போர் முடியும்வரை பகல் நீள வேண்டும் என்று யோசுவா 'சூரியனே, நில்' என்கிறார். சூரியன் நின்றது என்று எழுதியிருக்கிறது. ஓடாத ஒன்றை எப்படி நிறுத்த முடியும் என்பது கேள்வி.

இதற்குப் பதிலும் பழைய மரபிலேயே இருந்தது. வேதம் சாதாரண ஜனங்களின் பேச்சில் பேசுகிறது, கண்ணுக்குத் தெரிவதைத் தெரிகிறபடி சொல்கிறது என்று அகஸ்டின் காலத்திலிருந்தே சொல்லி வந்திருக்கிறார்கள். நாமும் 'சூரியன் உதித்தது' என்றுதானே சொல்கிறோம். 1615இல் டஸ்கனியின் கிறிஸ்டினா பெருமாட்டிக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் கலிலியோ பிடித்துக்கொண்டது இந்த மரபைத்தான். ஒரு திருச்சபைப் பெரியவர் சொன்னது என்று ஒரு வாக்கியத்தையும் அதில் சேர்த்தார்: சொர்க்கத்துக்குப் போவது எப்படி என்று கற்பிப்பதே பரிசுத்த ஆவியின் நோக்கம், வானம் எப்படிப் போகிறது என்று கற்பிப்பது அல்ல. (அந்தப் பெரியவர் கர்தினால் பரோனியோ என்பார்கள்.)

வாதம் அருமையானதுதான், எழுதிய காலம்தான் சரியில்லை. புராட்டஸ்டன்ட்கள் ஆளாளுக்கு வேதத்துக்கு விளக்கம் சொல்லக் கிளம்பியதால், திருச்சபைத் தந்தையர் (ஆதிகாலத் திருச்சபை அறிஞர்கள்) ஒருமனதாகச் சொன்ன பொருளுக்கு மாறாக யாரும் விளக்கம் சொல்லக்கூடாது என்று 1546இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து சங்கம் சட்டம் போட்டிருந்தது. குருப்பட்டம் பெறாத ஒரு கணித ஆசிரியர் யோசுவாவுக்கு வியாக்கியானம் எழுதினால் ரோமில் அது எப்படிப் பார்க்கப்பட்டிருக்கும்? வானியல் சரியா தப்பா என்பதற்கு முன்பே, 'இவர் யார் இதைச் சொல்ல?' என்ற கேள்வி எழுந்துவிட்டது.

அன்றைக்கு ஆதாரம் யார் பக்கம் இருந்தது?

இந்தக் கேள்வியை யாராவது கேட்டால் எனக்குச் சந்தோஷம், ஏனென்றால் பதில் பலரையும் திடுக்கிட வைக்கும். கலிலியோவின் கையில் முழு நிரூபணம் இல்லை.

தொலைநோக்கி வந்தபின், எல்லாம் பூமியைச் சுற்றுகின்றன என்ற பழைய தாலமி முறை ஆட்டம் கண்டது என்பது மெய். 1610 ஜனவரியில் வியாழனைச் சுற்றும் நிலவுகளைக் கலிலியோ பார்த்தார். அந்த வருஷக் கடைசியில் வெள்ளிக்கும் நம் நிலாவைப்போலத் தேய்பிறை வளர்பிறை இருப்பதைப் பார்த்தார். வெள்ளி சூரியனைச் சுற்றினால்தான் அப்படித் தெரியும். ரோமில் இருந்த இயேசு சபைக் கணிதர்கள் தாங்களும் பார்த்து உறுதி செய்து, 1611இல் அவருக்கு விழா எடுத்தார்கள்.

ஆனால் போட்டியில் மூன்றாவதாக ஒரு முறை இருந்தது. அதைத்தான் பள்ளிக்கூடப் புத்தகங்கள் விட்டுவிடுகின்றன. டென்மார்க்கின் டைக்கோ பிராஹே, 'மற்ற கோள்களெல்லாம் சூரியனைச் சுற்றட்டும், சூரியன் அவற்றையும் இழுத்துக்கொண்டு பூமியைச் சுற்றட்டும்' என்றார். கேட்க ஏதோ பஞ்சாயத்துத் தீர்ப்புபோல இருக்கிறதா? ஆனால் வெள்ளியின் தேய்பிறையை அது கச்சிதமாக விளக்கியது.

பூமி நகர்கிறது என்பவர்களுக்கு எதிராக ஒரு வலுவான கேள்வியும் இருந்தது. ஓடும் பஸ்ஸிலிருந்து பார்த்தால் பக்கத்து மரம் தூரத்து மலையை விட்டு விலகுவதுபோலத் தெரியும் அல்லவா? பூமி ஆறு மாதத்தில் சூரியனுக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறது என்றால், கிட்டத்து நட்சத்திரங்களும் அப்படிக் கொஞ்சமாவது இடம் மாறித் தெரிய வேண்டும். இதற்கு இடமாறு தோற்றம் என்று பெயர். எவ்வளவு அளந்தும் யாருக்கும் அது தட்டுப்படவில்லை. 'நட்சத்திரங்கள் அவ்வளவு தூரத்தில் இருக்கின்றன' என்றார்கள் கோப்பர்நிக்கஸ் கட்சிக்காரர்கள். சரி, அவ்வளவு தூரத்திலிருந்தும் கண்ணுக்கு ஒரு புள்ளி அளவு தெரிகிறது என்றால், ஒவ்வொரு நட்சத்திரமும் சூரியனைப்போலப் பல நூறு மடங்கு பெரிதாக அல்லவா இருக்க வேண்டும் என்றார் டைக்கோ. நட்சத்திரம் புள்ளியாக விரிந்து தெரிவது ஒளியின் இயல்பால் வரும் மாயை என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. இதற்குச் சில கோப்பர்நிக்கஸ்காரர்கள் சொன்ன பதில்தான் வேடிக்கை: கடவுளின் பெருமைக்கு அவ்வளவு பெரிய நட்சத்திரம் பொருத்தம்தானே! அளவெடுத்துப் பேசியது பூமி நிற்கிறது என்ற கட்சி. கடவுளைத் துணைக்கு இழுத்தது பூமி சுற்றுகிறது என்ற கட்சி.

1651இல் ரிச்சியோலி என்ற இயேசு சபைக் குரு இரண்டு தரப்பு வாதங்களையும் பட்டியல் போட்டார். பூமி நகர்கிறது என்பதற்கு 49, எதிராக 77. எண்ணிக்கையைவிட எந்த வாதம் கனமானது என்றுதான் அவரும் பார்த்தார். தீர்ப்பை டைக்கோ பக்கம் சொன்னார். அதே ரிச்சியோலிதான் நிலாவின் பள்ளங்களுக்குப் பெயர் வைத்தவர். பளிச்சென்று தெரியும் ஒரு பெரிய பள்ளத்துக்குக் கோப்பர்நிக்கஸ் பெயரை வைத்தார். இன்றும் அதே பெயர்தான்.

1616இல் என்ன நடந்தது?

பூமி சுற்றுகிறது என்பது தத்துவப்படி அபத்தம், சூரியன் அசையாமல் நடுவில் நிற்கிறது என்பது வேதத்துக்கு நேர் எதிரான கொள்கை என்று ரோமின் விசாரணை மன்றத்து ஆலோசகர்கள் கருத்துக் கொடுத்தார்கள். பிப்ரவரி 26 அன்று கர்தினால் பெல்லார்மின் கலிலியோவை அழைத்து, இந்தக் கருத்தை விட்டுவிடும்படி சொன்னார். மார்ச் 5 அன்று கோப்பர்நிக்கஸின் புத்தகம் 'திருத்தப்படும்வரை' நிறுத்திவைக்கப்பட்டது. புத்தகம் வெளிவந்து 73 வருஷம் கழித்து!

திருத்தம் என்ன என்பதை 1620இல் வெளியிட்டார்கள். ஏதோ பத்து இடங்கள். 'பூமி சுற்றுகிறது' என்று அடித்துச் சொன்ன வரிகளை, 'சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால்' என்ற தொனிக்கு மாற்றினால் போதும். இத்தாலியில் இருந்த படிகளில் பேனாவால் அடித்துத் திருத்திய தடங்கள் இன்றும் இருக்கின்றன. ஆல்ப்ஸ் மலைக்கு அப்பால் இருந்த படிகளில் அந்த அடித்தல் மிகக் குறைவு.

பெல்லார்மின் முரட்டு ஆள் இல்லை. முந்தின வருஷம் ஃபொஸ்கரீனி என்ற துறவிக்கு எழுதிய கடிதத்தில், பூமி சுற்றுகிறது என்பதற்கு உண்மையான நிரூபணம் வந்தால் வேதத்துக்கு நாம் சொல்லும் பொருளை மிகக் கவனமாக மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும், ஆனால் அப்படி ஒன்றைக் காட்டும்வரை நான் நம்பமாட்டேன் என்று சொல்லியிருந்தார். முதல் பாதியைப் படித்தால் நியாயவான். ஆனால் நிரூபணத்தைத் தேடும் வழியையே அடைத்துவிட்டு நிரூபணம் கேட்டால் எப்படி?

இந்தப் பெல்லார்மினுக்கு நம் பக்கத்தோடு ஓர் உறவு உண்டு. 1606இல் மதுரைக்கு வந்து, காவி உடுத்தி, தமிழ் எழுதி, தத்துவ போதகர் என்று பெயர் வாங்கிய ராபர்ட் தெ நோபிலி அவருடைய உறவினர். பூணூல், சந்தனம், குடுமி இதெல்லாம் மதமா, வெறும் ஊர் வழக்கமா என்ற வழக்கு நோபிலியைப் பற்றி ரோமுக்குப் போனது. கலிலியோ வழக்கிலும் கேள்வி கிட்டத்தட்ட அதேதான்: எது விசுவாசம், எது வெறும் உலக விஷயம்? நோபிலிக்கு 1623இல் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. கலிலியோவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

பிறகு 1633இல் ஏன் மறுபடி விசாரணை?

நண்பர் ஒருவர் போப் ஆனதால். விளையாட்டாகச் சொல்லவில்லை. 1623இல் எட்டாம் அர்பன் ஆன மாஃபியோ பார்பெரினி, கலிலியோவைப் புகழ்ந்து கவிதை எழுதியவர். 'இனிமேல் எழுதலாம்' என்று கலிலியோ தெம்பானார். போப்பும் தடுக்கவில்லை, இரண்டு தரப்பையும் எழுது, முடிந்த முடிவாகச் சொல்லாதே என்பது ஏற்பாடு. அதோடு போப்புக்குப் பிடித்த வாதம் ஒன்று: கடவுள் சர்வ வல்லவர்; நாம் நினைத்துப் பார்க்க முடியாத வழியிலும் அவர் இதே விளைவை உண்டாக்கியிருக்கலாம்; ஆகவே காரணம் இதுதான் என்று மனிதன் அடித்துச் சொல்ல முடியாது. அதையும் புத்தகத்தில் சேர்க்கச் சொன்னார்கள்.

1632இல் வந்த அந்த உரையாடல் நூலில் கலிலியோ அதைச் சேர்த்தார். யார் வாயில்? நூல் முழுக்கத் தோற்றுக்கொண்டே வரும் சிம்ப்ளிச்சியோவின் வாயில், கடைசிப் பக்கத்தில். அந்தப் பெயரைக் கேட்டால் இத்தாலியக் காதுக்கு 'அப்பாவி' என்று ஒலிக்கும். வேண்டுமென்றே செய்தாரா, வேறு பாத்திரம் இல்லாததால் செய்தாரா என்று இன்றுவரை வாதாடுகிறார்கள். எனக்கென்னவோ, அவருக்குக் கிண்டலை அடக்கும் பழக்கமே இல்லை என்றுதான் தோன்றுகிறது.

நேரமும் சரியில்லை. கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டன்ட்களுக்கும் இடையே முப்பதாண்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. அர்பன் புராட்டஸ்டன்ட் பக்கம் மென்மையாக இருக்கிறார் என்று 1632 மார்ச்சில் ஸ்பெயின் தரப்புக் கர்தினால் போர்ஹா கூட்டத்திலேயே எழுந்து குற்றம் சாட்டினார். தான் விசுவாசத்தின் காவலன்தான் என்று காட்ட வேண்டிய கட்டாயத்தில் இருந்தார் போப். அந்த நேரம் பார்த்து, 1616ஆம் வருஷக் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்தார்கள். 'எந்த விதத்திலும் கற்பிக்கவோ எழுதவோ கூடாது' என்று கலிலியோவுக்கு உத்தரவிட்டதாக அதில் இருந்தது. கலிலியோவின் கையெழுத்து அதில் இல்லை. தன்னிடம் பெல்லார்மின் எழுதித் தந்த சான்று இருக்கிறது, அதில் அப்படிக் கடுமையாக ஒன்றும் இல்லை என்று கலிலியோ எடுத்துக் காட்டினார். சாட்சி சொல்லப் பெல்லார்மின் உயிரோடு இல்லை, 1621இலேயே இறந்துவிட்டார்.

இன்னொரு சங்கடம்: பூமி சுற்றுகிறது என்பதற்குக் கலிலியோ துருப்புச் சீட்டாக வைத்திருந்தது கடல் ஏற்றவற்றம். பூமி சுழல்வதால் கடல் நீர் தளும்புகிறது என்றார். அது தப்பு. அந்தக் கணக்குப்படி ஒரு நாளைக்கு ஒரு ஏற்றம்தான் வர வேண்டும், வருவதோ இரண்டு. நிலாதான் காரணம் என்று கெப்ளர் சொன்னதை அவர் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்கிவிட்டார்.

1633 ஜூன் 22 அன்று, ரோமின் மினெர்வா மடத்தில், 69 வயதுக் கலிலியோ முழந்தாளிட்டு, தன் கருத்தைச் சபித்துக் கைவிடுவதாக எழுதிக்கொடுத்ததைப் படித்தார். பத்துக் கர்தினால்களில் ஏழு பேர்தான் தீர்ப்பில் கையெழுத்துப் போட்டார்கள். தண்டனையில் ஒரு பகுதி, மூன்று வருஷம் வாரம் ஒருமுறை ஏழு மனஸ்தாபச் சங்கீதங்களைச் சொல்ல வேண்டும். அதைத் தான் ஏற்றுக்கொண்டு சொல்லி வந்தவர் அவருடைய மூத்த மகள் மரியா செலஸ்டே, ஆர்ச்செத்ரி கன்னியர் மடத்துத் துறவி. அடுத்த வருஷம் ஏப்ரலில் அவர் இறந்துபோனார். கலிலியோ தன் வீட்டிலேயே காவலில் இருந்தபடி 1642 ஜனவரியில் இறந்தார். இடையில் கண் பார்வையும் போனது. அவருடைய ஆகச் சிறந்த புத்தகம் அந்தக் காவலில் எழுதி முடித்ததுதான். 1638இல் ஹாலந்தின் லைடனில் அச்சானது.

அவரைச் சித்திரவதை செய்தார்களா? 'ஆனாலும் அது சுற்றுகிறது' என்று முணுமுணுத்தாரா?

சித்திரவதை செய்யவில்லை. செய்வோம் என்று முறைப்படி மிரட்டினார்கள், அதுவும் கொடுமைதான். பாதாளச் சிறையிலும் போடவில்லை. விசாரணையின்போது மன்றக் கட்டடத்தில் அதிகாரிகளின் அறைகளில் தங்கவைத்தார்கள். முணுமுணுத்ததற்கு அந்தக் காலத்துச் சாட்சி ஏதுமில்லை. அந்த வசனம் 1757இல் லண்டனில் பரெத்தி என்பவர் எழுதிய புத்தகத்தில் அச்சாகிப் பிரபலமானது. மன்றத்தில் அதைச் சொல்லியிருந்தால் வீட்டுக்காவலோடு விட்டிருக்க மாட்டார்கள்.

ஜோர்டானோ புரூனோவை அறிவியலுக்காகத்தானே எரித்தார்கள்?

1600 பிப்ரவரி 17, ரோமின் காம்போ தெ ஃபியோரி. இத்தாலியத் தத்துவவாதியான அவரை எரித்தது நிஜம், மன்னிக்க முடியாதது. ஆனால் குற்றச்சாட்டுகளில் மும்மைக் கடவுளை (பிதா, மகன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்பதை) மறுத்தது, கிறிஸ்துவின் தெய்வத்தன்மையை மறுத்தது, நற்கருணையை மறுத்தது எல்லாம் இருந்தன. எண்ணற்ற உலகங்கள் உண்டு என்ற கருத்தும் அந்தப் பட்டியலில் உண்டு. அவர் தொலைநோக்கியில் பார்த்தோ கணக்குப் போட்டோ அதைச் சொல்லவில்லை. எல்லையற்ற கடவுளுக்கு எல்லையற்ற உலகம்தான் பொருத்தம் என்ற இறையியலில் நின்று சொன்னார்.

இதைவிட விசித்திரமான கதை ஸ்பெயின் மருத்துவர் மிக்கேல் செர்வெட்டஸ். ரத்தம் இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து நுரையீரல் வழியாக இடப்பக்கம் போகிறது என்று ஐரோப்பாவில் முதலில் அச்சிட்டவர் அவர். எந்தப் புத்தகத்தில்? மும்மைக் கடவுள் கொள்கையைத் தாக்கும் இறையியல் நூலில். கடவுள் ஊதிய உயிர்மூச்சு உடம்புக்குள் எப்படி நுழைகிறது என்று விளக்கப் போய், நுரையீரலுக்கு வந்து சேர்ந்தார். 1553இல் புராட்டஸ்டன்ட் தலைவர் கால்வினின் ஜெனிவாவில் அவரை எரித்தார்கள். நுரையீரலைப் பற்றி எழுதியதற்காக அல்ல. அவருடைய புத்தகமும் கிட்டத்தட்ட முழுக்க அழிக்கப்பட்டது. தப்பியவை மூன்று படிகள்.

திருச்சபை அறிவியலுக்கு ஏதாவது உதவியதா?

போலோன்யாவின் சான் பெத்ரோனியோ ஆலயத்துக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். கூரைக்குக் கீழே, தரையிலிருந்து சுமார் 27 மீட்டர் உயரத்தில், கையளவு கூட இல்லாத ஓர் ஓட்டை. தரையில் 67 மீட்டர் நீளத்துக்குப் பித்தளைக் கோடு பதித்திருக்கிறார்கள். தூண்களுக்கு இடையே சாய்வாக, எதிலும் முட்டாமல் ஓடுகிறது. ஒவ்வொரு நாளும் சூரியன் உச்சிக்கு வரும்போது, ஓட்டை வழியாக விழும் வெயில் வட்டம் மெல்ல ஊர்ந்து வந்து அந்தக் கோட்டைக் கடக்கும். ஜூன் மாதம் சுவரை ஒட்டி, சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு வட்டம். டிசம்பரில் மறுகோடியில், ஓர் ஆள் படுத்த நீளத்துக்கு நீண்டு வெளிறிய முட்டை வடிவம்.

இதை 1655இல் அமைத்தவர் வானியலாளர் கசீனி. போலோன்யா அப்போது போப்பின் ஆட்சிக்கு உட்பட்ட ஊர். கலிலியோ தண்டிக்கப்பட்டு 22 வருஷம்தான் ஆகியிருந்தது. ஆலயத்துக்கு இது எதற்கு? ஈஸ்டர் தேதிக்கு. வசந்தகாலச் சம இரவு நாளை வைத்துத்தான் ஈஸ்டரைக் கணக்கிட வேண்டும்; பழைய நாட்காட்டி பத்து நாள் பிசகியிருந்ததால்தான் 1582இல் போப் பதிமூன்றாம் கிரிகோரி அக்டோபர் 4க்கு மறுநாளை 15 என்று அறிவித்தார். நம் வீட்டுச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டர் அந்தத் திருத்தத்தின் பிள்ளைதான். பஞ்சாங்கம் சரியாக இருக்க வேண்டும் என்ற கவலை எந்த மதத்துக்குத்தான் இல்லை?

கசீனி அதோடு நிற்கவில்லை. சூரியன் ஜனவரியில் வேகமாகவும் ஜூலையில் மெதுவாகவும் நகர்வதுபோலத் தெரியும். அது முழுக்கத் தூரத்தால் வரும் தோற்றம் என்பது பழைய கணக்கு. பாதி தோற்றம், பாதி நிஜமான வேக மாற்றம் என்பது கெப்ளர் கணக்கு. தரையில் விழும் சூரிய பிம்பத்தின் அகலம் வருஷத்தில் எவ்வளவு கூடிக் குறைகிறது என்று அளந்தால் யார் சரி என்று தெரிந்துவிடும். அளந்தார். கெப்ளர் சரி. பூமி சுற்றுகிறது என்று இது நிரூபிக்கவில்லை. ஆனால் தடை செய்யப்பட்ட வானியலின் ஒரு முக்கியத் துண்டை, ஒரு பேராலயத்தின் தரையிலேயே வைத்து, ஆலயக்காரர்களின் செலவில் உறுதி செய்தார்கள்.

புராட்டஸ்டன்ட்கள் பரவாயில்லையா?

ஊரைப் பொறுத்தது. கோப்பர்நிக்கஸின் பெயர் சொல்லாமல், 'வானியலையே தலைகீழாக்கப் பார்க்கிற ஆள்' என்று லூத்தர் 1539இல் சாப்பாட்டு மேசையில் சொன்னதாகக் குறிப்பு உண்டு. கூட இருந்தவர்கள் எழுதிவைத்தது என்பதால் அதை வைத்து ரொம்பப் பேச முடியாது.

கெப்ளரைப் பாருங்கள். லூத்தரன் போதகராக வேண்டும் என்று ட்யூபிங்கனில் இறையியல் படித்தவர். கணக்கு வாத்தியாராகக் கிராட்சுக்கு அனுப்பினார்கள், வேண்டாவெறுப்பாகப் போனார். பிறகு, வானியலாலும் கடவுளை மகிமைப்படுத்தலாம் என்று தன் ஆசிரியருக்கு எழுதினார். நடுவில் சூரியன் பிதா, விண்மீன் கோளம் மகன், இடைவெளி பரிசுத்த ஆவி என்று உலகத்தையே மும்மைக் கடவுளின் படமாகப் பார்த்தார். சூரியன்தான் நடுவில் இருந்து கோள்களை இயக்க வேண்டும் என்று அவர் அவ்வளவு உறுதியாக இருந்ததற்கு இந்தப் பக்தியும் ஒரு காரணம். அதே ஆள், செவ்வாயின் பாதையில் 8 கலை அளவு (ஒரு பாகையின் ஏழில் ஒரு பங்குக்கும் குறைவு) கணக்கு இடித்ததற்காக வருஷக்கணக்கில் போட்ட வேலையைத் தூக்கி எறிந்துவிட்டு, கடைசியில் நீள்வட்டத்தைக் கண்டுபிடித்தார். இரண்டும் ஒரே மண்டைக்குள் நடந்தது.

அவருக்குக் கிடைத்த மரியாதை? கத்தோலிக்கர்கள் 1600இல் கிராட்ஸைவிட்டு விரட்டினார்கள். லிண்ட்ஸில் சொந்த லூத்தரன் போதகர், கொள்கை அறிக்கையில் ஒரு பகுதியை ஏற்க மறுத்தார் என்று நற்கருணை கொடுக்க மறுத்தார். தாயார் கத்தரினாவைச் சூனியக்காரி என்று பிடித்து 14 மாதம் சிறையில் வைத்தார்கள். கெப்ளர் நேரில் போய் வாதாடி 1621இல் மீட்டார். விடுதலையான மறுவருஷம் அந்த அம்மா இறந்துவிட்டார்.

நியூட்டன் வந்ததும் கடவுள் வெளியே போய்விட்டாரா?

நேர்மாறாக. இறையியல் பற்றி அவர் எழுதிக் குவித்தது பத்து லட்சம் சொற்களுக்கு மேல். ஈர்ப்பு விதியைச் சொல்லும் நூலின் 1713ஆம் பதிப்பில், சூரியக் குடும்பத்தின் இந்த அழகான ஒழுங்கு அறிவும் ஆற்றலும் உள்ள ஒருவரின் ஆளுகையிலிருந்தே வந்திருக்க முடியும் என்று சேர்த்து எழுதினார். கோள்களின் பாதை நாளடைவில் குலையும், அவ்வப்போது கடவுள் சரி செய்வார் என்றும் நினைத்தார். 'அடிக்கடி சாவி கொடுக்க வேண்டிய கடிகாரத்தையா கடவுள் செய்தார்?' என்று ஜெர்மன் தத்துவவாதி லைப்னிட்ஸ் கிண்டல் செய்தது இதைத்தான். கவனியுங்கள், இருவருமே கடவுளுக்காகத்தான் சண்டை போடுகிறார்கள்.

நியூட்டனுக்கு ஒரு ரகசியமும் இருந்தது. மும்மைக் கடவுள் கொள்கை பின்னால் வந்த இடைச்செருகல் என்று முடிவுக்கு வந்திருந்தார். வேலை பார்த்ததோ கேம்பிரிட்ஜில் 'மும்மைக் கடவுள்' பெயரிலேயே உள்ள டிரினிட்டி கல்லூரியில்! பதவியில் நீடிக்கக் குருப்பட்டம் வாங்க வேண்டும். 1675இல் மன்னரின் விலக்கு கிடைத்துத் தப்பினார். சாகும்வரை வெளியே மூச்சுவிடவில்லை.

இது கிறிஸ்தவ ஐரோப்பாவில் மட்டும் நடந்ததா?

இல்லை. இஸ்தான்புல்லில் தகியுத்தீன் என்ற வானியலாளர் 1577இல் கட்டிய வான் ஆய்வுக்கூடம் டைக்கோவின் கூடத்துக்குச் சளைத்தது அல்ல. 1580 ஜனவரியில் சுல்தானின் ஆணையால் அதை இடித்துத் தள்ளினார்கள். வானத்தைத் துருவுவது கேடு என்று மதத் தலைவர் சொன்னது காரணம் என்பார்கள்; அரண்மனைக் கோஷ்டிச் சண்டை என்றும் சொல்வார்கள். ரோமைப் போலவே அங்கேயும் இரண்டையும் பிரிப்பது கஷ்டம்.

திருச்சபை எப்போது ஒப்புக்கொண்டது?

தவணை முறையில். பூமி சுற்றுகிறது என்று சொல்லும் புத்தகங்கள் மீதான பொதுத் தடை 1758இல் திருச்சபையின் தடை நூல் பட்டியலிலிருந்து போனது. 1822இல் அப்படிப்பட்ட புத்தகங்களை ரோமிலேயே அச்சிட அனுமதி வந்தது. 1835ஆம் வருஷப் பட்டியலில் கோப்பர்நிக்கஸ், கலிலியோ பெயர்கள் இல்லை. 1992 அக்டோபர் 31 அன்று போப் இரண்டாம் ஜான் பால், அன்றைய இறையியலாளர்கள் தவறு செய்தார்கள் என்று வெளிப்படையாகச் சொன்னார்.

அந்த இடமாறு தோற்றம் கடைசியில் கிடைத்ததா?

கிடைத்தது. நம் ஊர் வழியாகச் சுற்றி வருகிறது அந்தக் கதை. சயாமில் (இன்றைய தாய்லாந்து) 1688இல் கலகம் வந்து பிரெஞ்சுக்காரர்களை விரட்டியபோது, அங்கிருந்து புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தவர்களில் ஜான் ரிஷோ என்ற இயேசு சபைக் குரு ஒருவர். 1689 டிசம்பரில் புதுச்சேரியில் ஒரு வால்நட்சத்திரத்தைத் தொலைநோக்கியால் பார்த்துக்கொண்டிருந்தவர், பக்கத்தில் இருந்த ஆல்ஃபா சென்டாரியையும் பார்த்தார். ஒற்றை நட்சத்திரம் என்று எல்லாரும் நினைத்திருந்தது, இரண்டாகத் தெரிந்தது. ரோமின் தடை அப்போது அமலில்தான் இருந்தது.

மே மாதத்தில் இரவு பதினொரு மணி வாக்கில் நம் கடற்கரையில் நின்று நேர் தெற்கே பார்த்தால், அடிவானத்துக்குக் கொஞ்சம் மேலே இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். இடது பக்கம் இருப்பதுதான் அது. 1838இல் பெசல் என்ற வானியலாளர் வேறொரு நட்சத்திரத்தில் இடமாறு தோற்றத்தை அளந்து அறிவித்தார். இரண்டு மாதம் கழித்து, 1839 ஜனவரியில், தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் எடுத்த அளவுகளை வைத்து ஹெண்டர்சன் இன்னொன்றை அறிவித்தார். ரிஷோ புதுச்சேரியில் பார்த்த அதே நட்சத்திரம்.